8.58 ஜிபி காட்டிய மீட்டர்: 32-பிட் பெட்டியில் ஒரு 64-பிட் கவுன்டர்

"சார், ராத்திரி பத்தரை மணிக்கு நெட் கட் ஆயிடுச்சு. பையன் நாலு ஜிபிதான் ஓட்டியிருக்கான். நம்ம பெட்டி எட்டரைன்னு சொல்லுது. இது நியாயமா?"

களத்தில் இருந்த டெக்னீஷியன் போனில் கேட்டது இது. பெட்டி எங்களுடையது, அதிலிருந்த மென்பொருளும் எங்களுடையது. எனவே இந்தக் கதையில் பழி வேறு யார் மேலும் போகப்போவதில்லை.

ஒரு மாணவர் விடுதிக்கு வைத்த இணைய கேட்வே அது. உள்ளே 32-பிட் மிப்ஸ் ப்ராசசர். இரண்டு கோர், கோருக்கு இரண்டு ஹார்ட்வேர் த்ரெட்; லினக்ஸின் கண்ணுக்கு நான்கு சிபியு. ஒவ்வொரு மாணவருக்கும் நாளொன்றுக்கு 600 கோடி பைட் அளவு. பாக்கெட் போகும்போதும் வரும்போதும் அதன் நீளத்தை அந்த மாணவரின் கவுன்டரில் கூட்டுவது நாங்கள் எழுதிய கர்னல் மாட்யூல். நொடிக்கு ஒரு முறை ஒரு பணி எழுந்து எல்லாக் கவுன்டர்களையும் படிக்கும், லாக் (பதிவேடு) எழுதும், அளவைத் தாண்டியவருக்கு 'துண்டி' என்று ஒரு கொடியை ஏற்றும். ஏறிய கொடி நள்ளிரவு வரை இறங்காது. இந்தக் கடைசி வரிதான் பின்னால் வினையானது.

கவுன்டர் 64 பிட். அது வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 32 பிட்டில் பைட்டுகளை எண்ணினால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296-இல் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 10 மெகாபிட் இணைப்பில் அதற்கு 57 நிமிடம் ஆகும், 100 மெகாபிட்டில் 343 நொடி, ஒரு கிகாபிட்டில் 34 நொடி. நெட்வொர்க் ஆட்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) கவுன்டரைப் படித்துப் பழகியவர்கள். 100 மெகாபிட் வரை அது எப்படியோ 343-க்குள் 300 என்று தப்பித்தது, கிகாபிட் வந்ததும் படுத்துவிட்டது. அதனால்தான் எஸ்என்எம்பியில் 64-பிட் கவுன்டர்கள் தனியாக வந்தன. 64 பிட்டில் கிகாபிட் வேகத்தில் சுற்றி வர 4,600 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சரி, 64 பிட் என்று அறிவித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். 32-பிட் இயந்திரத்தில் அப்படி ஒரு பொருளே கிடையாது, மேல்சொல், கீழ்ச்சொல் என்று இரண்டு 32-பிட் சொற்களை (ப்ராசசர் ஒரே கையில் எடுக்கும் அளவு) சேர்த்து வைத்துக்கொண்டு கம்பைலர் நம்மிடம் 64 என்று சொல்கிறது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

லாக்கில் இருந்த மூன்று வரிகள்

22:31:06 — 4,28,97,20,412
22:31:07 — 8,58,99,33,874
22:31:08 — 4,30,02,11,950

நடு வரியைப் பார்த்ததும் எங்கள் சந்தேகம் போன இடமெல்லாம் தப்பு. ஒரே பாக்கெட்டை இரண்டு முறை எண்ணுகிறோமா, நாட் (பாக்கெட்டின் முகவரியை மாற்றி எழுதும் வேலை) மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கூட்டுகிறோமா என்று இரண்டு நாள் தேடினோம். இரண்டு முறை எண்ணியிருந்தால் மூன்றாவது வரியும் எட்டு ஜிபிக்கு மேல்தானே இருக்க வேண்டும்? அது தானாகவே 4.30-க்கு இறங்கியிருக்கிறது. ஏறிய கணக்கு இறங்காது. அப்படியானால் கவுன்டரில் இருந்தது சரி, படித்தது தப்பு.

அதைக் கண்டுபிடித்தது குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன்தான். "அண்ணா, அந்த நடு எண்ணிலிருந்து 4,29,49,67,296-ஐக் கழிச்சுப் பாருங்க" என்றான். கழித்தால் வருவது 4,29,49,66,578. முந்தைய வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் கச்சிதமாக உட்கார்கிறது. அதோடு இன்னொன்று: அந்த எண் 32-பிட் எல்லைக்கு வெறும் 718 பைட் முன்னால் நிற்கிறது. அடுத்து 1,514 பைட் நீளமுள்ள ஒரு முழு ஈதர்நெட் பாக்கெட் வந்தால் எல்லையைத் தாண்டி, கீழ்ச்சொல் 796 ஆகும், மேல்சொல் 0-விலிருந்து 1 ஆகும்.

படித்த பணி கீழ்ச்சொல்லை எல்லை தாண்டுவதற்கு முன்னும், மேல்சொல்லை எல்லை தாண்டிய பின்னும் எடுத்திருக்கிறது. பழைய கீழ், புதிய மேல். இரண்டையும் ஒட்டினால் 8,58,99,33,874. அந்த எண் எந்த நொடியிலும் கவுன்டரில் இருந்ததே இல்லை.

மீதி ஒன்று போகும் வழி

ஒன்றாம் வகுப்புக் கூட்டல்தான் இது. ஒன்பதும் ஆறும் பதினைந்து, 5 போட்டு மீதி 1. அந்த 5-ஐ எழுதியாயிற்று, மீதி 1-ஐ அடுத்த இடத்தில் இன்னும் கூட்டவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பையன் சிலேட்டை எட்டிப் பார்த்தால் அவனுக்குக் கிடைப்பது தப்பு விடை.

மிப்ஸில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் கட்டமைப்பில் மீதியைப் பிடித்து வைக்கும் கொடியே இல்லை. கம்பைலர் எழுதிக் கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தோம். கீழ்ச்சொல்லை லோட் செய், மேல்சொல்லை லோட் செய், கீழில் நீளத்தைக் கூட்டு, விடை கூட்டிய எண்ணைவிடச் சிறியதா என்று ஒப்பிட்டு (சிறியதென்றால் சுற்றிவிட்டது, மீதி 1) அதை வை, மேலில் கூட்டு, கீழை ஸ்டோர் செய், மேலை ஸ்டோர் செய். ஒரே ஒரு கூட்டல் குறிக்குப் பின்னால் ஏழெட்டுக் கட்டளைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் யாரும் நுழையலாம்.

எங்கள் பெட்டியில் நுழைந்தது இன்னொரு கோர் கூட இல்லை. லாக் எழுதும் பணி கீழ்ச்சொல்லை லோட் செய்த கையோடு அதே சிபியுவில் நெட்வொர்க் இன்டரப்ட் ('கையிலிருப்பதை நிறுத்திவிட்டு என்னைக் கவனி' என்ற வன்பொருள் அழைப்பு) வந்தது. பாக்கெட்டுகளை எண்ணி முடித்துவிட்டுத் திரும்பியதும் பணி விட்ட இடத்திலிருந்து மேல்சொல்லை எடுத்தது. "நம்ம சிப் ஒரே கோர்தான், நமக்கு இந்தப் பிரச்சினை வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்டரப்ட் இருக்கும் இடமெல்லாம் இது வரும். 8-பிட் ஆர்டுயினோவில் இன்டரப்டை நிறுத்தாமல் 32-பிட் மாறியைப் படித்தவர்களும் இதே குழியில் விழுந்தவர்கள்தான்.

குறியீட்டை முழுக்கப் பார்த்தபோது இதே கவுன்டரில் மூன்று வகைத் தப்பு நடக்க முடியும் என்று தெரிந்தது. ஒன்று மேலே சொன்னது. இரண்டாவது அதன் எதிர்ப்பக்கம்: பழைய மேல், புதிய கீழ். அப்போது 4.29 ஜிபி திடீரென்று 796 பைட் ஆகும். நொடிக்கு நொடி வித்தியாசம் கணக்கிடும் வரைபடத்துக்குக் குறிகளற்ற (மைனஸ் இல்லாத) எண்ணில் 1,84,467 கோடி கோடிக்குப் பக்கத்தில் ஒரு வேகம் கிடைக்கும். எங்கள் வரைபடக் கருவி 'இது நடக்காத காரியம்' என்று அந்தப் புள்ளியைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. அப்படி எறியாமல் இருந்திருந்தால் மாதங்களுக்கு முன்பே பிடித்திருப்போம்.

மூன்றாவதுதான் மோசம். அப்லோட் ஒரு சிபியுவிலும் டவுன்லோட் இன்னொன்றிலும் ஓட, இரண்டும் ஒரே கவுன்டரில் கூட்டின. இரண்டின் ஸ்டோர்களும் பின்னிக்கொண்டால், ஒருவர் எழுதிய கீழும் மற்றவர் எழுதிய மேலும் நிரந்தரமாக நின்றுவிடும். படிப்பில் வந்த தப்பு அடுத்த நொடியில் சரியாகிவிடும், இது ஆகாது. ஒரு பாக்கெட் தொலைந்தால் 1,500 பைட், போகட்டும். மீதி ஒன்று தொலைந்தால் 4.29 ஜிபி இலவசம். இலவசமாகக் கிடைத்த யாரும் போன் செய்து புகார் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதல் மருந்தாக ஒருவர் மாறிக்கு 'வோலடைல்' போட்டுப் பார்த்தார். அது கம்பைலரிடம் 'இதை ரெஜிஸ்டரில் வைத்து ஏமாற்றாதே' என்று மட்டும்தான் சொல்லும். இரண்டு லோட் இரண்டு லோட்டாகவே இருக்கும்.

சரியான விடை, கனத்த விலை

லினக்ஸ் கர்னலில் இதற்கென்றே 64-பிட் அட்டாமிக் (நடுவில் யாரும் நுழைய முடியாத) வகை உண்டு. கம்பைல் ஆனது, ஓடியது, தப்பு நின்றது. ஆனால் பெட்டியின் வேகம் கண்ணுக்குத் தெரிய இறங்கியது.

காரணம் தேடி உள்ளே போனால் சுவாரசியமான ஓர் இடம். மிப்ஸில் அட்டாமிக் வேலைக்கு எல்எல், எஸ்சி என்று ஒரு ஜோடிக் கட்டளை இருக்கிறது. முதலாவது படித்துவிட்டுக் கண்காணிக்கும், இரண்டாவது 'நடுவில் யாரும் தொடாவிட்டால் மட்டும்' எழுதும், தொட்டிருந்தால் தோற்கும், நாம் மறுபடி முயல வேண்டும். 32-பிட் மிப்ஸில் அந்த ஜோடி 32 பிட்டுக்கு மட்டும்தான். 64-பிட் ஜோடி 64-பிட் மிப்ஸில்தான் உண்டு. எனவே கர்னல் பொதுவான மாற்று வழிக்குப் போகிறது. 2009-இல் பால் மெக்கராஸ் எழுதிய சிறிய கோப்பு அது. 64-பிட் அட்டாமிக் கட்டளை இல்லாத ப்ராசசர்களிலும் செயல்திறன் அளக்கும் கவுன்டர்கள் ஓட வேண்டும் என்று எழுதப்பட்டது. வழி எளிது: மொத்தம் 16 ஸ்பின்லாக் (கிடைக்கும் வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு). கவுன்டரின் முகவரியை நசுக்கி (ஹாஷ் செய்து) அந்தப் பதினாறில் ஒன்றைத் தேர்ந்தெடு, இன்டரப்டை நிறுத்து, பூட்டைப் பிடி, கூட்டு, விடு.

சுத்தமான யோசனை, எப்போதாவது கூட்டும் கவுன்டருக்குத் தாராளமாகப் போதும். எங்களுக்கோ பாக்கெட் ஒன்றுக்கு நான்கு கூட்டல்: மாணவருக்கு பைட், பாக்கெட் எண்ணிக்கை, தளத்துக்கு மறுபடி அதே இரண்டும். நூற்றுக்கணக்கான மாணவர்கள், பதினாறே பூட்டு. ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத இரண்டு மாணவர்களின் பாக்கெட்டுகள் ஒரே பூட்டுக்கு வரிசையில் நின்றன. ஒவ்வொரு பூட்டுக்கும் இன்டரப்ட் நிறுத்தமும் திறப்பும் வேறு.

பயனர் நிரல்களில் இதே கதை வேறு முகத்தோடு வரும். 32-பிட் மிப்ஸில் 8-பைட் அட்டாமிக் கூட்டல் எழுதினால் ஜிசிசி கம்பைலர் அதை ஒரு நூலகச் சார்புக்கு அழைப்பாக மாற்றிவிடும். லிங்க் செய்யும்போது 'அப்படி ஒன்று கிடைக்கவில்லை' என்று பிழை வரும். இணையத்தில் தேடினால் 'லிப்அட்டாமிக்கைச் சேர்' என்பார்கள். சேர்த்ததும் பிழை போய்விடும், ஆனால் உள்ளே நடப்பது இதே முகவரி நசுக்கலும் பூட்டும்தான். சிக்னல் கையாளியிலிருந்து அதைத் தொட்டால், பூட்டைப் பிடித்திருப்பவரும் காத்திருப்பவரும் ஒரே த்ரெட்டாக இருந்து நிரல் அங்கேயே நின்றுவிட வாய்ப்புண்டு. அந்த லிங்க் பிழை ஓர் எச்சரிக்கை. நாம் அதைத் தொல்லையாக நினைத்து வாயை அடைத்துவிடுகிறோம்.

ஒற்றைப்படை எண்ணும் தொங்கிய பெட்டியும்

இரண்டாவது முயற்சி கர்னலின் நெட்வொர்க் பகுதி தனக்கே பயன்படுத்தும் வழி. 2010-இல் எரிக் டுமாசே கொண்டுவந்தது. ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித் தனிக் கவுன்டர், அதோடு ஒரு வரிசை எண். எழுதுபவர் தொடங்கும்போது வரிசை எண்ணை ஒன்று கூட்டுவார், ஒற்றைப்படை ஆகும். முடிந்ததும் இன்னொன்று கூட்டுவார், இரட்டைப்படை ஆகும். படிப்பவர் முன்னும் பின்னும் வரிசை எண்ணைப் பார்ப்பார். இரட்டையாக இருந்து மாறாமலும் இருந்தால் எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் மறுபடி. இதன் அழகு, 64-பிட் இயந்திரத்தில் கம்பைல் செய்தால் இந்த வரிசை எண்ணே காணாமல் போய்விடும், செலவு பூஜ்யம்.

வேகம் திரும்பி வந்தது. நான்கு நாள் கழித்துப் பரிசோதனை மேசையில் இருந்த பெட்டி ஒன்று அசைவற்று நின்றது.

மாணவர் 80 சதவீதம் தாண்டினால் வேகத்தைக் குறைப்பது என்று ஒரு வசதி வைத்திருந்தோம். அதற்காகப் பாக்கெட் பாதையிலும் மொத்தக் கணக்கைப் படித்தோம். அதாவது இன்டரப்ட் சூழலில் படிப்பு. எழுதுபவர்களில் ஒருவர் சாதாரணச் சூழலில் இருந்தார், அது நாங்கள் மறந்துபோன ஆள்: நள்ளிரவில் எல்லாக் கவுன்டர்களையும் பூஜ்யமாக்கும் பணி. சோதனைக்காக அதை நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிட்டிருந்தோம். அது வரிசை எண்ணை ஒற்றைப்படை ஆக்கிய நேரம் அதே சிபியுவில் இன்டரப்ட் வந்து, உள்ளே படிக்கும் குறியீடு 'இரட்டை ஆகட்டும்' என்று சுற்றத் தொடங்கியது. எழுதுபவர் மறுபடி ஓடினால்தான் இரட்டை ஆகும், இன்டரப்ட் முடிந்தால்தான் அவர் ஓடுவார். கிணற்றுக்குள் விழுந்தவன் மேலே இருப்பவனிடம் கயிறு கேட்க, கயிறு கிணற்றுக்குள்ளேயே கிடந்த கதை.

அந்த விதி கர்னலில் கோப்பின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது: இன்டரப்டில் யாராவது படிக்கக்கூடும் என்றால் எழுதுபவர் இன்டரப்டை நிறுத்திவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று. நாங்கள் படித்தோம், தலையாட்டினோம், நள்ளிரவுப் பணியை மறந்தோம்.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசித்தோம். அதுவரை நாங்கள் கேட்ட கேள்வி 'இந்த 64-பிட் கவுன்டரை எப்படி அட்டாமிக் ஆக்குவது?' என்பது. கேட்டிருக்க வேண்டியது: பாக்கெட் பாதைக்கு 64 பிட் எதற்கு? ஒரு பாக்கெட்டின் நீளம் 1,514. அதைக் கூட்ட 32 பிட் போதும், சுற்றினாலும் போதும், சுற்றியதை யாராவது 34 நொடிக்குள் கவனித்தால்.

நள்ளிரவு பூஜ்யத்தை முதலில் ஒழித்தோம். ஈபி மீட்டரை யாரும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பூஜ்யமாக்குவதில்லை. ரீடிங் எடுக்க வருபவர் இப்போதைய எண்ணை எழுதி, அட்டையில் உள்ள முந்தைய எண்ணைக் கழிக்கிறார். அதே வழி: நள்ளிரவு எண்ணைத் தனியே குறித்து வைத்துக்கொள், பயன்பாடு வேண்டுமென்றால் கழி. கவுன்டர் இனி ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும். ஏறுவது மட்டுமே செய்யும் கவுன்டருக்குத் தந்திரங்கள் நிறைய உண்டு. இறங்கவும் செய்யும் கவுன்டருக்குப் பூட்டுதான் கதி.

கடைசியில் நின்ற அமைப்பு

பாக்கெட் பாதையில் ஒரே ஒரு 32-பிட் சொல். எல்எல்-எஸ்சி ஜோடியால் கூட்டல், பூட்டு இல்லை, இன்டரப்ட் நிறுத்தம் இல்லை. அது சுற்றினால் சுற்றட்டும்.

நொடிக்கு ஒரு முறை ஒரு பணி அந்தச் சொல்லைப் படித்து, சென்ற முறை படித்ததை 32-பிட் குறிகளற்ற கணக்கில் கழிக்கும். இந்தக் கழித்தலின் நல்ல குணம், நடுவில் ஒரு முறை சுற்றியிருந்தாலும் வித்தியாசம் சரியாகவே வரும். சென்ற முறை 4,29,49,66,578, இப்போது 796 என்றால் விடை 1,514. அந்த வித்தியாசத்தை 64-பிட் மொத்தத்தில் கூட்டும். மொத்தத்தை எழுதுவது இந்தப் பணி ஒன்று மட்டும்.

பணி தாமதமானால்? ஒரு முழுச் சுற்றுக்கு மேல் போனால் 4.29 ஜிபி சத்தமில்லாமல் தொலையும். ஒரு நொடிக்கும் 34 நொடிக்கும் நடுவில் இடம் நிறைய இருக்கிறது என்றாலும், சுமை ஏறிய பெட்டியில் பணிகள் பல நொடி தள்ளிப்போவதைப் பார்த்தவன் நான். எனவே பாக்கெட் பாதையில் ஒரு காவல்: இப்போதைய சொல்லுக்கும் சென்ற முறை குறித்ததற்கும் வித்தியாசம் பாதிச் சுற்றைத் தாண்டினால் அந்தப் பணியை உடனே எழுப்பு.

மிச்சம் இருந்தது ஒரு சிக்கல். மொத்தத்தை எழுதுபவர் ஒருவர்தான் என்றாலும் படிப்பவர்கள் பலர், அதில் ஒருவர் இன்டரப்ட் சூழலில் இருப்பவர், காத்திருக்க முடியாதவர். இதற்கு 1977-இலேயே லெஸ்லி லாம்போர்ட் வழி சொல்லிவிட்டார். ஒரே நேரத்தில் ஒருவர் எழுத இன்னொருவர் படிக்கும்போது, பல இலக்க எண்ணை எந்தத் திசையில் எழுதி எந்தத் திசையில் படிக்க வேண்டும் என்பது பற்றிய கட்டுரை. 1990-இல் கடிகாரங்களுக்காக மறுபடி அதே விஷயத்துக்குத் திரும்பினார். சாரம் இவ்வளவுதான்: எழுதுபவர் ஒரு பக்கமிருந்து போனால் படிப்பவர் எதிர்ப்பக்கமிருந்து வர வேண்டும்.

மேல்சொல்லை இரண்டு பிரதிகளாக வைத்தோம்.

எழுதும்போது:
மேல்1 ← புதிய மேல்
கீழ் ← புதிய கீழ்
மேல்2 ← புதிய மேல்

படிக்கும்போது:
அ ← மேல்2
ஆ ← கீழ்
இ ← மேல்1
அ-வும் இ-யும் ஒன்றானால் விடை (இ, ஆ)
இல்லையென்றால் விடை (இ, 0)

ஒவ்வொரு வரிக்கும் நடுவில் பேரியர் (தடுப்புக் கட்டளை) உண்டு, ப்ராசசர் வரிசையை மாற்றிவிடக் கூடாது. அதை விட்டால் இந்தத் தந்திரம் முழுக்க வீண்.

இரண்டு இலக்கத்தில் போட்டுப் பார்த்தால் புரியும். 19-இலிருந்து 20. எழுதுபவர் முதலில் மேல்1-ஐ 2 ஆக்குகிறார், பிறகு கீழை 0, கடைசியில் மேல்2-ஐ 2. படிப்பவர் கடைசியாகப் பார்க்கும் மேல்1 இன்னும் 1 என்றால், அவர் அதற்கு முன் பார்த்த கீழ் நிச்சயம் பழைய 9-தான். விடை 19, சரி. முதலில் பார்த்த மேல்2 ஏற்கெனவே 2 என்றால், கீழ் நிச்சயம் புதிய 0. விடை 20, சரி. முதலில் 1, கடைசியில் 2 என்று பார்த்தால்? படித்துக்கொண்டிருக்கும்போதே எண் 20-ஐக் கடந்திருக்கிறது என்று பொருள். கீழ் என்னவாக இருந்தாலும் கவலையில்லை, 20 என்றே சொல்லிவிடலாம், அது பொய்யாகாது. சுற்றவே வேண்டாம். மூன்று லோட், ஓர் ஒப்பீடு, முடிந்தது. படிப்பவர் எந்தச் சூழலில் இருந்தாலும் யாருக்காகவும் நிற்கமாட்டார்.

மேல்சொல்லை ஒரே பிரதியாக வைத்து, மேல்-கீழ்-மேல் என்று படித்து இரண்டு மேலும் ஒன்றா என்று பார்ப்பது பலர் செய்வது. ஆர்ஐஎஸ்சி-வி ப்ராசசர் கட்டமைப்பின் 32-பிட் வடிவத்தில் சைக்கிள் கவுன்டரைப் படிக்க அதன் விவரக்குறிப்பே அந்தச் சுற்றைத்தான் சொல்கிறது. அங்கே அது சரி, ஏனென்றால் வன்பொருள் இரண்டு பாதியையும் ஒரே துடிப்பில் மாற்றுகிறது. நம் மென்பொருள் கீழை முதலில் எழுதிவிட்டு மேலுக்குப் போகும் இடைவெளியில் இன்னொரு கோர் மூன்று லோட்டையும் முடித்துவிட்டால், இரண்டு மேலும் பழையதாக ஒத்துப்போகும், கீழ் மட்டும் புதிதாக இருக்கும். சோதனை தேறும், விடை தப்பு.

இந்த அமைப்புக்கு விலை உண்டு. துண்டிக்கும் முடிவு ஒரு நொடி வரை தாமதிக்கலாம். ஒரு கிகாபிட் ஓடினால் அந்த ஒரு நொடியில் 12.5 கோடி பைட் கூடுதலாகப் போய்விடும். விடுதியில் ஒருவருக்கு உச்சம் 50 மெகாபிட், எனவே 62.5 லட்சம் பைட். 600 கோடியில் அது ஆயிரத்தில் ஒன்று. வாடிக்கையாளரிடம் கேட்டோம், சிரித்துவிட்டு சரி என்றார். வங்கிக் கணக்காக இருந்தால் இந்த விடை செல்லாது.

வேறு சிப்பாக இருந்திருந்தால்

இன்டெல் பக்கம் இந்தத் தலைவலி 1993-இல் வந்த பென்டியத்தோடு போயிற்று. 32-பிட் ப்ராசசரிலேயே 8 பைட்டை ஒப்பிட்டு மாற்றும் ஒரு கட்டளை அதில் உண்டு. படி, கூட்டு, 'இன்னும் பழையதே இருந்தால் மாற்று', தோற்றால் மறுபடி. இதே கட்டளையைத் தப்பான வடிவில், நினைவகத்துக்குப் பதில் ரெஜிஸ்டரைக் கொடுத்து, லாக் (பூட்டு) முன்னொட்டோடு ஓட்டினால் பென்டியம் அப்படியே உறைந்துவிடும் என்று 1997-இல் தெரியவந்து பெரிய அமளி ஆனது. எந்தச் சிறப்பு உரிமையும் இல்லாத சாதாரண நிரலே முழு இயந்திரத்தையும் நிறுத்த முடிந்தது.

ஆர்ம் ப்ராசசர்களில் எல்எல்-எஸ்சியின் இரட்டைச் சொல் வடிவம் ஆர்ம்வி6கே காலத்திலிருந்து உண்டு. பெரிய நினைவக முகவரி வசதி கொண்ட பிந்தைய ஆர்ம்வி7 கோர்களில் வெறும் இரட்டை லோட்டே அட்டாமிக் என்று உறுதி தரப்பட்டிருக்கிறது. ஆனால் மைக்ரோகன்ட்ரோலர் வரிசையில் எம்3, எம்4 கோர்களில் ஒற்றைச் சொல் ஜோடி மட்டும்தான், எம்0-வில் அதுவும் இல்லை. இன்டரப்டைச் சில கட்டளை நேரம் நிறுத்துவதுதான் அங்கே நேர்மையான வழி. ஒரே கோர் என்பதால் அது மலிவும் கூட.

பலர் எழுத வேண்டும், பாதியாகப் பிரித்தே ஆக வேண்டும் என்ற நிலைக்கு லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியைப் பார்க்கலாம். 2017-இல் வந்த 2.25 பதிப்பில் கண்டிஷன் வேரியபிளை (ஒரு நிகழ்வுக்காக த்ரெட்களைக் காத்திருக்க வைக்கும் கருவி) டொர்வால்ட் ரீகல் மாற்றி எழுதியபோது ஒரு 64-பிட் வரிசை எண் தேவைப்பட்டது. 64-பிட் அட்டாமிக் இல்லாத இயந்திரங்களில் அதை 31 பிட்டாக இரண்டு பாதி வைத்தார்கள். பாதிக்கு ஒரு பிட்டைத் தியாகம் செய்து, 'மீதி போய்க்கொண்டிருக்கிறது' என்று சொல்லும் இடமாக அதைப் பயன்படுத்துகிறார்கள். 62 பிட் யாருக்குப் போதாது?

எல்லையிலிருந்து தொடங்குவது

இவ்வளவும் முடிந்த பிறகு, சரியாகிவிட்டது என்று எப்படி நம்புவது? தப்பு 4.29 ஜிபிக்கு ஒரு முறை, அதுவும் சில கட்டளை நேரத்தில் மட்டும் நடக்கக்கூடியது. ஒரு வாரம் ஓட்டி 'ஒன்றும் வரவில்லை' என்று சொன்னால் அதற்குப் பொருள் இல்லை.

லினக்ஸ் கர்னல் தன் 32-பிட் நேரக் கவுன்டரை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. சுற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் இருக்கும் எண்ணிலிருந்து தொடங்குகிறது. சுற்றும்போது தடுமாறும் டிரைவர் எதுவானாலும் 49 நாள் கழித்து வாடிக்கையாளரிடம் போய் விழாமல், பூட் ஆன ஐந்தாவது நிமிடம் எழுதியவர் மேசையிலேயே விழட்டும் என்று. அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். எல்லாக் கவுன்டர்களும் எல்லைக்குச் சற்று முன்னால் தொடங்கும். ரீடிங் கழித்தல் இருப்பதால் பயனருக்கு வித்தியாசம் தெரியாது. அதோடு தனியாக ஒரு சோதனை: ஒரு சிபியு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மேலே மேலே எழுதிக்கொண்டே போகும், மற்ற மூன்றும் படித்து, எண் ஒரு முறையாவது இறங்கினாலோ இதுவரை எழுதியதைவிட அதிகமானாலோ கத்தும். பழைய குறியீட்டை அதில் போட்டதும் நான் டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே கத்தியது. புதியது இரண்டு வாரம் வாய் திறக்கவில்லை. பேரியர் ஒன்றை வேண்டுமென்றே எடுத்துவிட்டுப் பார்த்தோம், கத்தியது. அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கொடி நள்ளிரவு வரை இறங்காது என்ற விதியையும் மாற்றினோம். இப்போது தொடர்ந்து இரண்டு முறை படித்தும் அளவு தாண்டியிருந்தால்தான் ஏறும். கவுன்டர் சரியான பிறகு அது தேவையில்லை என்று அந்தப் புதுப் பையன் வாதாடினான். தர்க்கப்படி அவன் சொல்வது சரிதான். ஆனாலும் வைத்திருக்கிறேன்.